எதிரணிப் பெடியனுக்காக வந்த அண்ணைக்கு

என் அன்பு அண்ணை,

நீங்கள் கண்மூடி ஒரு மாரி முடிந்துவிட்டது. உங்கள் கல்லூரி மைதானத்தில் புல் மறுபடி வளர்ந்திருக்கிறது. நேற்றுச் சுன்னாகத்திலிருந்து சைக்கிளில் வரும்போது சற்று நின்று பார்த்தேன்.

கணித ஆசிரியரான உங்களை உதைபந்தாட்டப் பயிற்றுநராக்கியபோது ஊர் சிரித்தது. சிறுவயதுக் காய்ச்சலில் ஒரு கால் சூம்பிப்போனவர் நீங்கள். ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. முதலிரண்டு வருடமும் தோல்விதான். பிறகு உங்கள் அணியை வெல்வதே பெரும்பாடாகிவிட்டது. அது என்னைவிட யாருக்குத் தெரியும்? பக்கத்துக் கல்லூரி அணியைப் பழக்கியவன் நான்தானே. நாம் மோதும் நாட்களில் அம்மா யாருக்காகக் கும்பிட்டா? கடைசிவரை சொல்லவேயில்லை.

அந்த இறுதியாட்டத்தில், இடைவேளையின்போது நாங்கள் ஒரு கோல் முன்னுக்கு நின்றோம். அடித்தவன் எங்கள் நீர்வேலிப் பெடியன் கதிரேசன். நீங்கள் காலை இழுத்துக்கொண்டு மைதானத்தைக் கடந்து என்னிடம் வந்தீர்கள்.

“தம்பி, கதிரேசனை இனி இறக்காதை. அவன்ரை கணுக்கால் சரியில்லை.”

“அவன் ஒண்டும் சொல்லேல்லையே, அண்ணை.”

“சொல்லமாட்டான். நோவை மறைச்சு நடக்கிறது எப்பிடியெண்டு எனக்குத் தெரியாதே?”

நான் அவனை இறக்கவில்லை. அவன் அழுதான். நாங்கள் தோற்றோம். “அண்ணனும் தம்பியும் கதைச்சு வைச்சுத்தான் செய்திருக்கினம்” என்று எங்கள் ஆட்கள் முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

நீங்களோ கிண்ணம் வாங்கக்கூட நிற்கவில்லை. யாரோ ஒருவரின் காரில் கதிரேசனை ஏற்றி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். எலும்பில் வெடிப்பு, தொடர்ந்து ஓடியிருந்தால் கால் பழையபடி வந்திராது என்றார் டாக்குத்தர். அடுத்த வருடம் கதிரேசன் உங்கள் அணிக்கு எதிராகவே கோல் அடித்தபோது, எங்கள் பக்கத்தவரைவிடப் பலமாகக் கைதட்டியவர் நீங்கள்.

ஒரு புதினம், நல்ல செய்திதான், சொல்லவேண்டும். உங்கள் இடத்துக்கு இப்போது அந்தக் கதிரேசனைத்தான் எடுத்திருக்கிறார்கள். போன கிழமை வீட்டுக்கு வந்தான்.

“சேர், உங்களுக்கு எதிரா நான் எப்பிடி நிக்கிறது?”

“என்ரை அண்ணை நிண்டவர்தானே. நில்லு.”

வருகிற ஆட்டத்தில் அவனுக்கு ஒன்றும் விட்டுக்கொடுக்க மாட்டேன், அண்ணை. நீங்கள் எனக்கு விட்டுக்கொடுத்தீர்களா என்ன? ஆனால் யார் வென்றாலும் அன்று அவன் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். இது என் வாக்கு.

உங்களிடம் தோற்றதையும் பெருமையாய்ச் சொல்லித் திரியும்,
உங்கள் தம்பி