978-ஐ 981 ஆக்கியவன்

12-12-1977

இன்று லேபில் நாலு பேருக்குச் சமைத்துக் கொடுத்தேன். அடுப்புச் சமையல் இல்லை. வரவேண்டிய விடையை முதலில் எழுதிக்கொண்டு, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, அதற்கேற்ற ரீடிங்குகளை அட்டவணையில் நிரப்புவது. நிஜம் மாதிரி தெரிய அங்கங்கே கொஞ்சம் முன்பின்னாக வைக்கவேண்டும். மூன்றாம் வருஷ பௌதிக வகுப்பில் இந்த வித்தையில் என்னை மிஞ்ச ஆளில்லை. பெருமைதான், என்ன செய்வது!

"மொய்னு, நீ கைய வெச்சின்னா ஜானகிராமன் சாரே கண்டுபுடிக்க முடியாதுடா மச்சான்" என்றான் சம்பத். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவன். லேபில் என் ஜோடி.

13-12-1977

ஊசல் சோதனை. துளைகள் போட்ட இரும்புப் பட்டையைக் கத்திமுனையில் மாட்டி ஆடவிட்டு, ஆடும் நேரத்தை அளந்து, பூமி இழுக்கும் முடுக்கமான g-யைக் கண்டுபிடிக்கவேண்டும். புத்தகத்தில் 981. எங்களுக்கு வந்தது 978. வழக்கம்போல 981 ஆக்கினேன். சார் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டார்.

16-12-1977

ஒன்று உறுத்துகிறது. வகுப்பில் பதினோரு ஜோடி. எல்லோருக்கும் நான்தான் சமையல்காரன் என்பதால் எல்லோருடைய அசல் ரீடிங்குகளும் என்னிடம்தான் இருக்கின்றன. பழைய தாள்களைத் தேடி எடுத்தேன். 976, 979, 978, 980, 977... ஒன்றுகூட 981-ஐத் தாண்டவில்லை. கை தவறினால் சில சமயம் மேலேயும் போகவேண்டுமே? பதினொன்றும் ஒரே பக்கமா தவறும்?

சராசரி எடுத்தேன். 978.2.

19-12-1977

நூலகத்தில் தடிமனான ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை. g எல்லா ஊரிலும் ஒன்று இல்லையாம். துருவத்தில் 983. லண்டனில் 981. பூமத்திய ரேகையில் 978. காலேஜ் இருக்கிற செங்கல்பட்டின் அட்சரேகை பன்னிரண்டே முக்கால் டிகிரி. சூத்திரத்தில் போட்டேன்.

978.3.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பூமி உருண்டை இல்லை. நடுவயிறு இருபத்தொரு கிலோமீட்டர் புடைத்திருக்கிறது, சுற்றிக்கொண்டும் இருக்கிறது. அதனால் நம் பக்கத்தில் இழுப்பு ஒரு பிடி குறைவு. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் படிப்பது வேறு. மாடி லேபில், புறா எச்சம் விழுந்த ஜன்னல் பக்கத்தில் தொங்குகிற துருப்பிடித்த பட்டைக்கு இது தெரியும்! அதைத் தொட்ட ஒவ்வொரு மாணவனிடமும் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. நாங்கள் அதை அடித்து லண்டன் கணக்கை எழுதியிருக்கிறோம். அதிலும் நான்! பதினோரு ஜோடியின் வாயையும் ஒருத்தனாக அடைத்திருக்கிறேன்.

பஸ்ஸில் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

20-12-1977

விடிந்ததும் கடற்கரைக்குப் போனேன். கட்டுமரங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன. நான் மணலில் சும்மா நின்றேன். சும்மாவா? எங்கள் மாமல்லபுரம் நிமிஷத்துக்கு இருபத்தேழு கிலோமீட்டர் கிழக்கே ஓடுகிறது. நான், கட்டுமரம், கோயில், கடல் எல்லாம் சேர்ந்து. வீட்டிலிருந்து காலேஜுக்கு பஸ் ஒன்றேகால் மணி நேரம் எடுக்கிற தூரம் அது. யா அல்லா, ஒரு டம்ளர் தண்ணீர்கூடச் சிந்தவில்லையே.

9-1-1978

சம்பத்திடம் சொன்னேன். முதலில் சிரித்தான். பரீட்சையில் 978 என்றுதான் எழுதப்போகிறேன் என்றதும் முகம் மாறியது.

"இன்னாடா பேஜாரு பண்றே? எங்க ரெக்கார்டுல எல்லாம் 981 கீது. எழுதிக் குடுத்தவனே நீதான். இப்ப நீ மட்டும் நல்லவனாயிட்டா நாங்க இன்னா ஆவறது?"

அவன் கேட்டது நியாயம்தானே.

ஜானகிராமன் சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அட்டவணை சரிதான்ப்பா. ஆனா வர்ற எக்ஸாமினர் 981 பார்த்துப் பழகினவர். உனக்கு முதல் வகுப்பு வேணுமா, வேணாமா?" என்றார்.

வேணும். முதல் வகுப்பு இல்லையென்றால் மெட்ராஸில் எம்.எஸ்ஸி. இடம் இல்லை. கடைக்கு வலை நூல் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் அத்தா, "பையன் எம்.எஸ்ஸி. படிக்கப்போறான்" என்று சொல்லி வைத்திருக்கிறார்.

20-3-1978

செய்முறைப் பரீட்சை. சீட்டு எடுத்தேன். ஊசல்.

ஐம்பது ஆட்டம் எண்ணினேன். விடை 976.4. மறுபடி செய்ய நேரமில்லை. 981 ஆக்க மனம் வரவில்லை, அது முடிந்துபோன கதை. ஆனால் 978.3 ஆக்கக் கை துடித்தது. அரை நிமிஷ வேலை. சரியான விடை வேறு! எழுதவும் போனேன். அப்புறம்தான் உறைத்தது: இதுவும் சமையல்தானேடா. சரியான விடையைச் சமைத்தாலும் சமையல்தான்.

976.4 என்றே எழுதிக் கொடுத்தேன்.

எக்ஸாமினர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "981 எங்கே?" இந்த ஊருக்கு 978 என்று காரணம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சரி, அப்ப 978-ஆவது வந்திருக்கணுமே?"

"வரல சார். வந்தது இதுதான்."

"ரெக்கார்டுல 981 போட்டிருக்கியே?"

"அது நான் சமைச்சது சார்."

சொல்லியேவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

21-3-1978

மற்றவர்களின் ரெக்கார்டுகளை அவர் புரட்டவே இல்லையாம். அல்ஹம்துலில்லாஹ்.

30-5-1978

இரண்டாம் வகுப்பு. முதல் வகுப்புக்கு ஆறு மார்க் குறைவு. செய்முறையில் போனது பதினாறு. சம்பத் முதல் வகுப்பு.

பெரிய இவனாட்டம் பேசினேன் இல்ல? இப்போ அழுகை வருகிறது. அட்டவணை தெரிந்து என்ன, பூமி புடைத்திருந்து எனக்கென்ன? அத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். நூல்கண்டைச் சுற்றிக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "நாஸ்தா துன்னியா?" என்றார். அவ்வளவுதான்.

17-6-1978

வாணியம்பாடி கியாசுதீன் மாமா சொன்னதால் அலிகருக்கு விண்ணப்பம் போட்டேன். அங்கே நுழைவுத் தேர்வு எழுதினால் இரண்டாம் வகுப்பையும் பார்ப்பார்களாம். வடக்கே இரண்டு நாள் ரயில். அம்மா இப்போதே ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள்.

18-9-1978, அலிகர்

எம்.எஸ்ஸி.யில் முதல் லேப். பாஷை பாதி புரியவில்லை. கோதுமை ரொட்டி தொண்டையில் நிற்கிறது. பழைய கருவிகளைச் சரிபார்க்கச் சொன்னார்கள். ஊசல் முன்னால் போய் நின்றேன். எனக்கு வந்தது 979.8. இந்த ஊர் அட்சரேகைக்கும் உயரத்துக்கும் 979.1 வரவேண்டும். வந்ததையே எழுதினேன்.

அறைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பத்திரண்டு கிலோ ஆள் நான். மாமல்லபுரத்தில் சுருள்வில் தராசில் ஏறி நின்றதைவிட இங்கே ஏறி நின்றால் நாற்பது கிராம் கூடுதலாகக் காட்டும். ஒரு பிடி அரிசி. நான் தூங்கினாலும் அழுதாலும் பூமி அதை விடாமல் பார்த்துக்கொள்கிறது. நினைக்க நினைக்க மயிர்க்கூச்செறிகிறது.

அத்தாவுக்குக் கார்டு போட்டேன். நலம், படிப்பு நன்றாகப் போகிறது, இங்கே வந்து கொஞ்சம் எடை கூடியிருக்கிறேன் என்று. எவ்வளவு என்று எழுதவில்லை. பையன் நன்றாகச் சாப்பிடுகிறான் என்று அம்மா நினைத்துக்கொள்ளட்டும்.