அந்த நாற்காலிக் கதை

மார்ச் 4, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குள் லேபில் நாற்பத்தொரு பேருக்கு இரத்தம் எடுத்தேன். ஒருவருக்கும் இரண்டாம் முறை குத்தவில்லை. வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்களுக்கு எல்லார் மேலும் எரிச்சல் வரும், என்னிடம் மட்டும் அடங்கிப் போவார்கள். ஊசி என் கையில் இருக்கிறதே.

மதியம் பதிப்பாளர் போன் செய்தார். இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் ஐயோபாவம். என் கதைகளை வாசிக்கும்போது பக்கத்துக்கு ஒரு தடவையாவது அதைச் சொல்லிவிடுவார். நல்ல மனிதர்தான். எங்கள் சாதியில் பிறக்கவில்லை, அந்தக் குறையைக் கண்ணீர் விட்டே ஈடுகட்டப் பார்க்கிறார். மொத்தம் பன்னிரண்டு கதைகள், மாதக் கடைசியில் அச்சுக்குப் போகிறது. ‘நாற்காலி’ முதல் கதை, புத்தகத்துக்கும் அதே பெயர்.

"மேடம், அந்தப் பொண்ணு அழுதுட்டே நடந்து போற இடம் இருக்கு பாருங்க, அதுக்காகவே புத்தகம் போடலாம்" என்றார். இன்னும் ஒரு பத்தி அழுதால் நன்றாக இருக்குமாம். பிழிந்து காயப் போட்டாகிவிட்டது சார், இனிமேல் சொட்டாது என்றேன்.

பின் அட்டையில் ‘ஒரு தலித் பெண்ணின் கண்ணீர்க் கதைகள்’ என்று போடலாமா என்றும் கேட்டார். "தலித் இருக்கட்டும். பெண் இருக்கட்டும். கண்ணீரை மட்டும் எடுத்துடுங்க" என்றேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது, அழுதாரோ என்னவோ.

மார்ச் 6, வியாழன்

இதழ் வந்துவிட்டது. என் பேட்டி, போட்டோ, கூடவே ‘நாற்காலி’ கதை முழுசாக. போட்டோவில் கொஞ்சம் முறைக்கிறேன். இருந்துவிட்டுப் போகட்டும்.

கதையை அச்சில் வாசித்தேன். பன்னிரண்டு வயதுச் சிறுமி, கூடப் படிக்கும் தோழியின் வீட்டுக்குக் கணக்குப் போடப் போகிறாள். தோழியின் அம்மா நாற்காலி எடுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார். பேச்சுவாக்கில் வீடு எங்கே என்று கேட்கிறார். சிறுமி தெருவின் பெயரைச் சொல்கிறாள். அந்தத் தெருவின் பெயர் போதும், சாதியைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வீடு திரும்பும்போது பாதி வழியில் ஜாமெட்ரி பாக்ஸை மறந்தது நினைவுக்கு வந்து திரும்பிப் போகிறாள். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியை வாசலில் போட்டு, வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார் தோழியின் அம்மா. சிறுமி பாக்ஸை எடுக்காமலே அழுதுகொண்டு வீடு போய்ச் சேருகிறாள்.

நடந்தது அக்காவுக்கு. எனக்கு அப்போது ஏழு வயது. கதையில் ‘நான்’ என்று எழுதினேன், அது எழுதுகிறவள் உரிமை. பேட்டி எடுத்தவர் "அந்தச் சிறுமி நீங்கதானே?" என்று கேட்டபோது ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அதுதான் அச்சில் பார்க்கையில் கொஞ்சம் உறுத்துகிறது. எங்கள் தெருவில் யாருக்கு வேண்டுமானாலும் நடந்திருக்கக் கூடியதுதானே? யார் கணக்குப் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 9, ஞாயிறு

அக்காவின் தையல் கடைக்குப் போய் இதழைக் கையில் கொடுத்தேன். கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, நின்றபடியே வாசித்தாள். அவளுக்கு உதடு அசையாமல் வாசிக்க வராது. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்தேன் (எழுதுகிறவர்கள் எல்லாருக்கும் இந்த ஆசை உண்டு, எனக்கு மட்டும் இல்லாமல் போகுமா).

முடித்துவிட்டு இதழை வெட்டிய துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

"இத எடுத்துடு."

"எத?"

"இந்தக் கதைய. புத்தகத்துல வேணாம்."

அதற்குள் யாரோ சட்டைக்கு அளவு கொடுக்க வந்துவிட்டார்கள். அக்கா அவர்களிடம் சிரித்துப் பேசினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 10, திங்கள்

நினைக்க நினைக்க ஆத்திரம் வருகிறது. காரணம் எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருடமாக மற்ற சாதிக்காரர்கள் தெருவில் கடை. கடைக்கு வருகிறவர்கள் நல்லபடி பேசுகிறார்கள், குழந்தையைக்கூட அவள் மடியில் விட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போகிறார்கள். அவள் யார் என்று தெரிந்தால் விடுவார்களா என்ற பயம். தங்கச்சி போட்டோவும் சாதியும் அட்டையில் வந்தால் கட்டடக்காரர் காலி பண்ணச் சொல்லிவிடுவார் என்ற பயம்.

நான் மட்டும் பட்டவர்த்தனமா நிக்கணும், இவ மட்டும் ஒளிஞ்சுக்கணுமா? எத்தன நாளைக்கு? ஒளிஞ்சு ஒளிஞ்சு என்னத்தக் கண்டா? அந்தக் கதைதான் புத்தகத்தோட உயிரு. எடுக்க மாட்டேன். எடுக்கவே மாட்டேன்.

மார்ச் 12, புதன்

அக்கா போனை எடுக்கவில்லை. நானும் இரண்டு தடவைக்கு மேல் அடிக்கவில்லை. ரோஷம் அவள் ஒருத்திக்கு மட்டும் சொந்தமா?

மார்ச் 16, ஞாயிறு

நேரிலேயே போனேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சட்டைகளுக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். போன உடனே தயார் செய்து வைத்திருந்த பேச்சைத் தொடங்கிவிட்டேன். சுயமரியாதை, வரலாறு, மௌனம் என்று மேடைக்கு வைத்திருந்ததை எல்லாம் அங்கேயே கொட்டினேன். அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "முடிச்சுட்டியா?" என்றாள்.

"கட்டடக்காரருக்குத் தெரிஞ்சுடும்னுதானே பயப்படற?"

"அவருக்கா? சாவி வாங்கப் போன அன்னிக்கே கேட்டாரு. சொன்னேன். ரெண்டு நாள் யோசிச்சுட்டுக் கொடுத்தாரு. கேட்டவங்க எல்லாருக்கும் சொல்லித்தான் இருக்கேன். கேக்காதவங்களத் தேடிப் போய்ச் சொல்றதுக்கு எனக்கு என்ன, தைக்கத் துணி இல்லையா?"

"அப்ப ஏன் எடுக்கச் சொன்ன?"

"நான் அழல."

"என்னது?"

"அன்னிக்கு நான் அழலடி. நீ என்னை ரோடு பூரா அழ வச்சிருக்க."

பிறகு அவளே சொன்னாள். காஜா போடுவதை நிறுத்தாமலே சொன்னாள். திரும்பிப் போனபோது அவள் கண் முன்னாலேயே நாற்காலியைக் கழுவி முடித்து வெயிலில் வைத்தார்களாம். தோழியின் அம்மா வாளியோடு நின்றிருந்தாராம். அக்கா நேராகப் போய் அதில் உட்கார்ந்தாள். ஜாமெட்ரி பாக்ஸைக் கொண்டு வரச் சொன்னாள். தோழி கொண்டு வந்து கொடுத்ததும் மடியில் வைத்துத் திறந்து, காம்பஸ் இருக்கிறதா, ஸ்கேல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மூடினாள். "வரேன் ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"பாவாடை பின்னாடி முழுக்க நனைஞ்சுடுச்சு. வழி பூரா பசங்க சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்தா அம்மா வேற திட்டு, நாளைக்கு எதப் போட்டுட்டுப் போவேன்னு. இதெல்லாம் எங்க எழுதின நீ?"

"ஏன்க்கா உக்காந்த?"

ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு யோசித்தாள். "மறுபடியும் கழுவட்டும்னுதான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் விட மனமில்லை. யாரோ அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது என்று வாதாடினேன்.

"அழுதது நீ. பாவாடையக் காயப் போடும்போது உங்கிட்டதான் சொன்னேன். நாற்காலியக் கழுவினாங்கன்னு சொன்னதுமே ஓன்னு ஆரம்பிச்சுட்ட. அம்மா ஓடி வந்தாங்க. மிச்சத்த எங்க சொல்ல விட்ட? அதுக்கப்புறம் முப்பது வருஷத்துல ஒரு தடவையாவது என்ன ஆச்சுன்னு கேட்டிருக்கியா?"

கேட்டதில்லை.

மார்ச் 17, திங்கள்

ஐயோபாவத்தைப் பார்த்து எத்தனை நக்கல் செய்திருக்கிறேன்! அவர் ஒரு பத்திதான் அழச் சொன்னார். நான் இரண்டு மைல் அழ வைத்திருக்கிறேன். அதுவும் யாரை? மறுபடியும் கழுவட்டும் என்று உட்கார்ந்தவளை.

ஏன் அப்படி எழுதினேன்? ஏழு வயதில் அழுதது நான் என்பதாலா? இல்லை, அழுதால்தான் நம்புவார்கள் என்று எனக்கே தோன்றியதா? நேர்மையாகச் சொன்னால் இரண்டாவதுதான். எங்கள் வாழ்க்கையை நாங்களே எழுத வேண்டும் என்று பேட்டியில் அரைப் பக்கம் பேசியிருக்கிறேன். அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

வெட்கமாக இருக்கிறது. சரி, வெட்கப்பட்டாயிற்று. அடுத்து ஆக வேண்டியதைப் பார்க்கலாம்.

மார்ச் 18, செவ்வாய்

பதிப்பகத்துக்கே போய்ச் சொல்லிவிட்டேன். கதை மாறும், பேட்டியில் நான் சொன்னது பொய் என்று இதழுக்குக் கடிதம் எழுதப் போகிறேன் என்றேன். இந்தத் தடவை ஐயோ மட்டும்தான் வந்தது.

"மேடம், உங்க ஆளுங்க எழுதறதெல்லாம் கட்டுக்கதைன்னு சொல்றதுக்குன்னே ஒரு கூட்டம் காத்துட்டிருக்கு. நீங்களே கையில எடுத்துக் கொடுக்கறீங்க. இந்த ஒரு கதையால மிச்சம் பதினோரு கதையும் போயிடும்."

அவர் சொல்வதில் தப்பில்லை. பத்து வருட எழுத்து. மற்ற பதினொன்றிலும் ஒரு வரி பொய் கிடையாது, ஆனால் அதை யார் நம்புவார்கள்?

"தவிர, அந்தப் பொண்ணு திரும்பப் போய் உக்காந்துட்டா படிக்கறவங்களுக்குப் பாவமா இருக்காதே" என்றார்.

"இருக்க வேணாம் சார்."

"பின்ன எப்படி இருக்கணும்?"

"கொஞ்சம் பயமா இருக்கட்டும்."

சிரித்துவிட்டார். அச்சை ஒரு வாரம் தள்ளிப் போட்டிருக்கிறார்.

மார்ச் 20, வியாழன்

அக்காவிடம் அனுமதி கேட்டேன். கதையை எடுத்துவிடவும் தயார், மாற்றவும் தயார், நீ சொல்கிறபடி என்றேன். மிஷினை நிறுத்தாமலே சொன்னாள்: "நான் சொல்றேன். நீ எழுது. நடுவுல உன் சரக்க எதையும் சேர்க்காத."

மார்ச் 23, ஞாயிறு

கட்டிங் டேபிளில் துணியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தோம். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். நான்கு வரிக்கு ஒரு தடவை திரும்பப் படிக்கச் சொன்னாள்.

"‘கனத்த மனதோடு திரும்பினேன்’னு இருக்கு. யாரு மனசு கனத்துச்சு?"

"ஒரு பேச்சுக்குத்தான்…"

"அத அடிச்சுடு. பாக்ஸு போனா வீட்டுல உதை விழும்னு திரும்பினேன். அத எழுது."

எழுதினேன். ‘சுட்டெரிக்கும் வெயில்’ அடிபட்டது. ‘ஏளனப் பார்வை’ அடிபட்டது. தோழியின் அம்மாவை நான் கொஞ்சம் அரக்கியாக்கி இருந்தேன், அதற்கும் விடவில்லை. "அவங்க சாதாரணமாத்தான் இருந்தாங்க. பாத்திரம் கழுவற மாதிரி கழுவினாங்க" என்றாள். அரக்கியை அடித்துவிட்டு அதையே எழுதினேன். நான் ஆறு பக்கம் எழுதியதை அவள் இரண்டு பக்கத்தில் முடித்துவிட்டாள். என் கதையைவிட நன்றாக இருக்கிறது. எரிச்சலாகவும் இருக்கிறது.

கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டேன், பெயர் வேண்டாம் என்றால் போடாமல் விடலாம் என்று.

"ஏன் வேணாம்? கடை போர்டுல இவ்ளோ பெருசா எழுதி வச்சிருக்கேன். இங்க மட்டும் என்ன வெக்கம்? இனிஷியலோட போடு."

மார்ச் 25, செவ்வாய்

இதழுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். ஐந்து வரிதான். ‘நாற்காலியில் உட்கார்ந்தவள் என் அக்கா. நான் என்று சொன்னது பொய். அவள் அழவில்லை. அழுததாக எழுதியது என் பிழை. நாற்காலி கழுவப்பட்டது உண்மை.’ மன்னிப்பு என்ற வார்த்தையைச் சேர்க்கவில்லை. அதைக் கேட்க வேண்டியது அக்காவிடம், அதை ஏற்கெனவே கேட்டாயிற்று.

ஏப்ரல் 12, சனி

கடிதம் வெளியானது. எதிர்பார்த்தபடியே இணையத்தில் அதன் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார்: ‘அதுவும் பொய், இதுவும் பொய். இல்லாத சாதியைச் சொல்லிப் பிழைக்கிறார்கள்.’ இன்னும் நான்கு பேர் ஆமோதித்திருக்கிறார்கள்.

வலித்தது. இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். ஒரு மணி நேரம் அதையே திரும்பத் திரும்ப வாசித்தேன். பிறகு ஒன்று தோன்றியது. நான் வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் இவர் இதைத்தான் எழுதியிருப்பார். அவருக்காகவா எழுதுகிறேன்? போய்க் குளித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.

மே 11, ஞாயிறு

புத்தகம் வந்துவிட்டது. அட்டையில் கண்ணீர் இல்லை. முதல் கதையின் தலைப்புக்குக் கீழே அக்காவின் பெயர், இனிஷியலோடு. ‘எழுதிக் கொடுத்தவர்’ என்று சின்ன எழுத்தில் நான். ஐயோபாவம் அந்தக் கதையை அச்சகத்திலேயே நின்று வாசித்தாராம். "ஒண்ணும் சொல்லத் தோணல மேடம்" என்றார். அவர் வாயிலிருந்து இது பெரிய வார்த்தை.

அக்கா இரண்டு பிரதியைக் கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருக்கிறாள். வாடிக்கையாக வரும் ஒரு அம்மா எடுத்துப் புரட்டிப் பார்த்தாராம். மறுநாள் ஆள் அனுப்பி, கொடுத்திருந்த மூன்று துணிகளையும் வெட்டுவதற்கு முன்பே திரும்ப வாங்கிக்கொண்டாராம். என்னால்தானே? அக்கா சாதாரணமாகச் சொன்னாள்: "அவங்களுக்குத் தைக்கறது ரொம்பக் கஷ்டம்டி. ஒரு தோள் ஏத்தம், ஒரு தோள் இறக்கம். விட்டது தொல்ல."

ஆனால் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை பட்டன் தைத்துக் கொடுத்தேன். பாதியைப் பிரித்து அவளே மறுபடி தைத்தாள்.

மே 24, சனி

முதல் மதிப்புரை வந்திருக்கிறது. ‘பதினோரு கதைகள் நன்று. முதல் கதை வேறொரு கை.’ அக்காவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். நன்று என்றால் எவ்வளவு மார்க் என்று கேட்டாள்.

ஜூன் 1, ஞாயிறு

கடைக்குப் போனேன். அக்கா கட்டிங் டேபிளில் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அளவு எழுதுகிறாளாக்கும் என்று நினைத்துக் கிட்டே போனால், பக்கம் முழுக்க எழுத்து. உதடு அசைந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் சட்டென்று ஒரு சட்டைத் துணியை இழுத்து மேலே போட்டாள்.

"என்னக்கா, கதையா?"

"ம்."

"சொல்லியிருந்தா நான் வந்து எழுதிக் கொடுத்திருப்பேனே."

"வேணாம். இது நானே எழுதற கதை."

"யாரப் பத்தி?"

"உன்னப் பத்தி."

நான் எட்டிப் பார்த்தேன். துணியின் மேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டாள். என்னைப் பற்றி எதை எழுதுகிறாள்? எந்த வயதில்? நான் செய்த எத்தனையோ அவளுக்குத் தெரியும். கொஞ்சம் காட்டேன், தப்பு ஏதாவது இருந்தால் சொல்கிறேன் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அச்சுல வந்ததும் படிச்சுக்கோ" என்றாள்.