பெயர் சொல்ல வேண்டாம் என்றேன்

கார்த்திகை 24, வெள்ளி
விடிந்ததிலிருந்து மழை. தபால் கந்தோரில் கூரை ஒழுக்கு. முத்திரை மேசைக்குப் பக்கத்தில் வாளி.

நளினியிடம் கேட்டுவிட்டேன். பல வருடமாகப் பக்கத்துக் கதிரையில் வேலை செய்கிறவள், ஊர் நிதியத்தின் செயலாளரும் அவள்தான். ஆட்கள் தருவதை ஒன்றாக வங்கியில் போட்டு, முதலைத் தொடாமல் வட்டியில் உதவுகிறார்கள். இன்னாருக்கு என்று குறித்துக் கொடுத்தால் குழு விசாரித்து அதையும் செய்யுமாம்.

என் காப்பு இரண்டும் விற்ற காசு. தங்கச்சி வசந்திக்கு ஒரு கறவை மாடு. என் பெயர் மட்டும் எங்கும் வரக் கூடாது.

"வராது. நிதியம் குடுக்குது, அவ்வளவுதான். என்னில நம்பிக்கை இல்லையே உமக்கு?"

இருந்தது.

கார்த்திகை 29, புதன்
மழை விட்டது. கிண்ணியாப் படகு ஓடவில்லை, தபால் மூட்டை அப்படியே கிடக்கிறது. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், சவர்க்காரம், பாண்.

குழு சம்மதம். நிதியத்தின் ஆள் பாலையூற்றில் வசந்தி குடியிருக்கும் கொட்டிலுக்குப் போய்ப் பார்த்தாராம். கட்டைபறிச்சானில் இருந்தபோது மாடு வளர்த்தவள். கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. சண்டையில் இரண்டு பிள்ளைகளோடு இடம்பெயர்ந்து வந்திருக்கிறாள். "மாடு கிடைச்சா ஒருத்தரிட்டயும் கையேந்த மாட்டன்" என்றாளாம். ஒருத்தர் என்றது என்னைத்தான். அம்மாவின் வீட்டை எனக்குச் சீதனமாக எழுதிய நாளிலிருந்து என் கையால் தண்ணீர்கூடக் குடிக்காதவள். அரிசி அனுப்பினேன், திரும்பி வந்தது. பிள்ளைகளுக்குச் சட்டை, அதுவும்.

மார்கழி 2, சனி
நாளை மாடு கொடுக்கிற கூட்டம். போகாமல் இருப்பதுதான் சரி. நளினி விடவில்லை. "கடைசி வாங்கில இரும். ஆர் உம்மைப் பாக்கப் போகினம்?"

ஆசையும்தான். அவள் முகம் பார்த்து எவ்வளவு காலம்.

மார்கழி 3, ஞாயிறு
நளினி, நீயா?

பாடசாலை மண்டபம். வெளியே வேம்பில் கட்டிய சிவப்பு மாடு, கன்றோடு. வசந்தி நன்றாக மெலிந்துவிட்டாள். கயிறு வாங்க மேடை ஏறியபோது சிரித்தாள். அதைக் கண்டதே எனக்குப் போதும். உடனே நிதியத் தலைவர் ஒலிவாங்கியில் என் முழுப் பெயரைச் சொன்னார். "தன்ர காப்பை வித்துத் தந்தவ, வசந்தியின்ர சொந்த அக்கா!" காப்பு விற்றது நளினிக்கு மட்டும்தான் தெரியும். பொன்னாடையோடு என்னிடம் வந்தவளும் அவள்தான்.

கைதட்டல். வசந்தி என்னைப் பார்த்தாள். மேடையால் இறங்கி, மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனாள்.

நளினியிடம் கேட்டேன்.

"ஒராளின்ர பேரைச் சொன்னாத்தானே மற்ற ஆக்களும் தருவினம். இண்டைக்கே மூண்டு பேர் தாறம் எண்டிட்டினம்."

"எனக்குத் தந்த வாக்கு?"

"நல்லதுக்குத்தானே செய்தனான். உமக்கும் பெருமைதானே."

பெருமையாம். ஒரே பெட்டிச் சோறு பகிர்ந்து சாப்பிட்டவள். கழுத்தறுத்துவிட்டாள்.

மார்கழி 4, திங்கள்
தூறல். காலையில் ஊரடங்குச் சட்டம் எடுத்துக் கொஞ்ச நேரத்தில் கேற்றில் சத்தம். போய்ப் பார்த்தால் மாடும் கன்றும் கட்டியிருக்கின்றன. சந்தி வரை ஓடினேன், ஆளில்லை. முன்வீட்டு மனுஷி சொன்னா: "உங்கட தங்கச்சிதான் கட்டிப்போட்டுப் போறா. கூப்பிட்டனான், திரும்பியும் பாக்கேல்லை."

கந்தோருக்குப் போகவில்லை. நளினியின் முகத்தில் விழிக்க முடியாது.

கேற்றுக் கம்பியில் ஒரு பை கொழுவியிருந்தது. உள்ளே போத்தல். விடியக் கறந்த பால், போத்தலின் கழுத்து வரை. பிள்ளைகளுக்கு ஒரு வாய்கூட எடுக்கவில்லை.