பூச்சிக்கு ஒரு பலகை, மனுசனுக்கு ஒரு பலகை

ஐப்பசி 1, செவ்வாய்

விடியலிலிருந்து தூறல். கறிக்கடையில் ஆள் இல்லை. புரட்டாசி முடிந்தால் மட்டும் போதுமா, செவ்வாய்க்கிழமை யார் கறி தின்பார்கள். மாடிக்குப் போய் நம் கல்யாணத் தகவல் நிலையத்தைத் திறந்து ஊதுபத்தி கொளுத்தினேன். போன் அடித்தது.

ஆனையூரில் செல்வியை வெட்டிவிட்டான்.

தவசிதான். மறுமணத்துக்கு நம்மிடம் பதிந்திருக்கும் செல்வியைக் கோர்ட்டில் தீர்த்து விட்ட புருசன். கதவை மிதித்து உடைத்திருக்கிறான். தலைக்கு வந்த வெட்டைக் கையால் தடுத்திருக்கிறாள். இடது கையில் இரண்டு விரல் தொங்கல். வீட்டுக்காரம்மா அம்மிக் குழவியைத் தூக்கி எறிந்தது, அவன் முழங்காலில் பட்டு, நொண்டிக்கொண்டே ஓடிவிட்டான்.

பெரியாஸ்பத்திரி. தரையெல்லாம் ஈரக்கால் தடம். செல்வி முழித்துத்தான் இருந்தாள். "விரலு போனா என்னடி, மோதிரத்தக் காதுல மாட்டிக்கிருவோம்" என்றேன். சிரித்தாள். உடனே வாந்தி. முதுகைத் தடவிவிடும்போது அந்தப் பழைய தழும்பு கையில் தட்டியது. இஸ்திரிப் பெட்டியை வலது கையில் பிடித்து அழுத்தினான் என்று முதல்நாள் பதிய வந்தபோதே சொன்னவள்.

வெளியே வந்து தூணில் தலையை முட்டிக்கொண்டேன்.

ஓடும்போது அவன் கத்தியதாகச் செல்வி சொன்னது: "ஒங்க கம்ப்யூட்டரே சொல்லுதுடி, இந்தப் பக்கம் வராதேன்னு. வராதேன்னா நீ அங்கனதான இருப்ப!"

விளங்கவில்லை.

ஐப்பசி 2, புதன்

வெயில். துளசிராமை வரச்சொன்னேன். நம் இணையப் பக்கம் செய்து கொடுத்தவன். சௌராஷ்டிரக்காரப் பிள்ளை. போனில் அம்மாவிடம் அவர்கள் பாஷையில் பொய் சொல்லும்போது காது மட்டும் சிவக்கும்.

மறுமணத்துக்கு வரும் பெண்களின் படம், விலாசம் எல்லாம் பக்கத்தில் ஒரு உள்ளறை மாதிரி தனியே இருக்கிறது. நாம் வழி சொன்ன மாப்பிள்ளை வீட்டார் மட்டும் பார்ப்பார்கள். பூட்டு கிடையாது. பாஸ்வேர்டு வைத்தால் பெரியவர்கள் அதை மறந்துபோய் என்னைத்தான் திட்டுவார்கள்.

தவசி கத்தியதைச் சொன்னதும் து.ராம் முகம் சாம்பல். கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினான். நாலே வரி வந்தது.

"என்னடா இது?"

"ரோபோட்ஸ் ஃபைலுக்கா. எல்லாப் பக்கத்தையும் மேஞ்சு தேடுறவங்களுக்குக் காட்ட ஒரு மெஷின் வரும். எட்டுக்கால் பூச்சி மாதிரி. அதுக்கு எழுதி வச்சது. மறுமணம்ங்கிற அறைக்குள்ள போகாதேன்னு."

"பூச்சி கேக்குமா?"

"கேக்கும். படிச்சிட்டுத் திரும்பிரும்."

"மனுசன் படிச்சா?"

"அறை பேரு தெரிஞ்சிரும்க்கா. பூட்டு இல்லாததால நேரா உள்ள போயிருவான்."

"ஏன்டா, நகை பரண்மேல இருக்கு, திருடன் ஏறக்கூடாதுன்னு வாசல்ல எழுதிப் போட்டிருக்கியேடா!"

"எல்லாரும் அப்படித்தான்க்கா வைக்கிறாங்க."

"எல்லார் வீட்டுலயும் தவசி இருக்கானா?"

தண்ணீர்ச் சொம்பை எறிந்தேன். அவன்மேல் இல்லை. சுவரில் காரை பெயர்ந்தது. அவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, கை மட்டும் துருதுரு. யாரையாவது அடிக்க வேண்டும் போல.

அந்த நாலு வரியைப் படித்தவன் எங்கிருந்து வந்தான் என்ற தடத்தைத் து.ராம் எடுத்துவிட்டான். ஒரு பிரவுசிங் சென்டர். தவசியின் கூட்டாளிக்கு அங்கேதான் வேலை என்று செல்வி சொன்னாள்.

ஐப்பசி 3, வியாழன்

வாங்க: கல் உப்பு, கறி கட்டத் தாள், செ.க்குக் கை அகலமான நைட்டி.

விரல் ஒன்று எடுத்தாயிற்று. ஒன்று ஒட்டும் என்கிறார்கள்.

அந்த அறையிலிருந்து எல்லாப் பெண்களின் விலாசத்தையும் து.ராம் எடுத்துவிட்டான். புது அறை, புதுப் பேர், பூட்டு. பெரியவர்கள் திட்டட்டும்.

பிறகு அந்த நாலு வரி அறிவிப்புப் பலகை. பூச்சி வரும்போது "நான் பூச்சி" என்று பேர் சொல்லிக்கொண்டுதான் வருமாம். அதற்கு மட்டும் நிசப் பலகை. பேர் சொல்லாமல் வருகிறவனுக்கு அதைக் காட்டாமல் மறைக்கலாம்.

"எவனாச்சும் நானும் பூச்சிதான்னு பொய் சொன்னா?"

"சொல்லலாம்க்கா. அதுக்குத்தான் பூட்டும் போட்டிருக்கு."

"மனுசனுக்கு என்ன காட்டுவ?"

"ஒண்ணுமில்லைன்னு."

"ஒண்ணுமில்லைன்னா அவன் விட்டுருவானா? தெருத்தெருவா அலைவான். ஆஸ்பத்திரி வாசல்ல நிப்பான். நம்மளே ஒரு எடத்தச் சொல்லிருவோம்."

எட்டாங்கிளாஸ்கூடப் பார்க்காத நான் சொல்லச் சொல்ல, அவன் எழுதினான். மனுசனுக்கு வேறு பலகை: 'ரகசிய அறைக்குள் போகாதே.' அந்த அறைக்குள் செல்வி படம், ஒரு பொய் விலாசம். சிம்மக்கல், எங்கள் சந்து, கறிக்கடைக்குப் பின்வீடு. ஞாயிறு காலை மட்டும் பார்க்கலாம்.

செல்வியிடம் கேட்டுத்தான் படம் வைத்தது. "வைங்கக்கா" என்றாள். "நானும் வாரேன்."

"நீ வந்து என்ன, கல்லாவுல ஒக்காருவியா? படுடி."

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கத்தி தீட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "புரட்டாசி கழிஞ்ச மொத ஞாயிறு. கூட்டம் தெருவ அடைச்சு நிக்கும்" என்றார். அதற்காகத்தானே.

ஐப்பசி 5, சனி

மழை பிசுபிசு. துணி காயவில்லை.

து.ராம் படியேறி ஓடி வந்தான். மனுசப் பலகையை எவனோ படித்திருக்கிறான். அதே பிரவுசிங் சென்டர். ரகசிய அறையையும் திறந்திருக்கிறான்.

நம்மிடம் கறி வாங்கும் ஏட்டையாவிடம் போனேன். தவசி தலைமறைவு என்று இந்த வாரம் முழுக்க அதே பாட்டு.

"அண்ணே, நாளைக்குக் கறி வாங்க நீங்களே வாங்க. மூணு நாலு பேரக் கூட்டியாங்க. காக்கி வேணாம், வேற சட்டை போட்டு."

"எதுக்கு?"

"ஈரல் எடுத்து வைக்கிறேன்."

எல்லாம் சொன்ன பிறகுதான் சரி என்றார். வந்து தொலைவானா? வராமல் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டால்?

ஐப்பசி 6, ஞாயிறு

எழுத்து கோணல்.

வெயில் ஏறும் முன்பே சந்து நிறைந்துவிட்டது. ஒரு மாசப் பசி ஒவ்வொருவன் முகத்திலும். ஏட்டையா ஆட்களோடு வரிசையின் கடைசியில். ஈரல் தீர்ந்துவிடுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

தவசி வந்தான். லேசான நொண்டல். பேப்பர் சுற்றிய நீளப் பொட்டலம். வரிசையை இடித்துக்கொண்டு நேரே முன்னால்.

"செல்வி எங்க?"

"எலும்போடவா, தனிக்கறியா?" என்றேன். வாய் சும்மா இருக்காதே.

பேப்பரைக் கிழித்தான். அருவாள். எனக்கு வந்த வெட்டு. வீட்டுக்காரர் என் சேலையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். வெட்டு கறிக்கட்டையில் இறங்கியது. புளியங்கட்டை. கடித்த கடி விடவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான், காலைக் கொடுத்து இழுத்தான். கறிக்கத்தியைத் திருப்பிப் பிடித்து, மொட்டை முதுகால் மணிக்கட்டில் போட்டேன். உடையும் சத்தம் எனக்குப் புதிதா? தினம் கேட்கிறதுதான். இது வேறு.

பிறகு கூட்டம். பைகளைப் போட்டுவிட்டுப் பாய்ந்தது. எவனோ எடைக்கல்லால் அடித்தான். பல் ஒன்று என் காலடியில் வந்து விழுந்தது. "கொன்னுருங்கடா" என்று கத்தியது நான்தான் என்று து.ராம் சொல்கிறான். எனக்கு நினைவில்லை. ஏட்டையாவும் ஆட்களும் அவன்மேல் விழுந்து மறைத்ததால் உயிரோடு போனான்.

இரத்தத்தை அலசிவிட்டுத் திரும்பக் கடை. ஒருத்தனும் வரிசையை விட்டுப் போகவில்லை.

து.ராம் கேட்டான், "அக்கா, மனுசப் பலகைய எடுத்துறவா?"

"இருக்கட்டும்டா. யாவாரத்துக்கு ஆள் வர வேணாமா?"

அவன் சிரிக்கவில்லை. நானும் இல்லை.

மத்தியானம் ஆஸ்பத்திரி. தூக்கில் ஈரல் வறுவல். செ.யிடம் எல்லாம் சொன்னேன். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஒடஞ்சது எந்தக் கைக்கா?"

"வலது."

கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கழித்து வாயைத் திறந்தாள். ஊட்டினேன்.

நாளைக்குக் கட்டையைத் திருப்பிப் போட வேண்டும். வெட்டு ஆழம். அருவாளை எடுக்க ரெண்டு ஆள் வேண்டியிருந்தது.