காலில் ஒட்டின சேறு

நைனா,

கும்பிட்டு எழுதுறேன். முட்டிவலிக்கு மாத்திரை போடுறீங்களா? அம்மா ஒழுங்கா சாப்பிடுதா? நான் நல்லா இருக்கேன். ஜப்பான்ல புகுஷிமான்னதும் பயந்துகினு இருக்காதீங்க. இங்க நெல்லை டெஸ்ட் பண்ணித்தான் விக்கிறாங்க.

நேத்து நடவு முடிச்சுட்டு வாய்க்கால்ல காலைக் கழுவப் போனேன். முதலாளியம்மா ஓடியாந்து, வயலுக்குள்ளயே கழுவச் சொன்னாங்க. நிலநடுக்கத்துல அணுமின் நிலையம் வெடிச்சப்போ மண்ணுல விஷம் படிஞ்சிடுச்சாம். மேல்மண்ணு பூரா சுரண்டி, கறுப்பு மூட்டையில கட்டி எடுத்துகினு போயிட்டாங்களாம். பாதி ஊரு இன்னும் பூட்டிக் கிடக்குது. இந்தம்மா திரும்பி வந்து, வருஷா வருஷம் எரு கொட்டி இந்தச் சேத்தை உண்டாக்கியிருக்காங்க. என் கால்ல ஒட்டினதைக்கூட விட மனசில்ல.

செங்கல் சூளைக்காரரு நம்ம மேல்மண்ணை விலைக்குக் கேட்டப்போ, லாரியை வயல்ல இறங்க விடாம திருப்பி அனுப்புனீங்களே. உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல நைனா.

இங்க என்கூட வேலை செய்யற அரக்கோணம் ஷோயப் லீவுல ஊருக்குக் கிளம்பிகினு இருக்கான், வண்டி வந்துடுச்சு. இதை அவன்கிட்ட குடுத்தனுப்புறேன். அவன் திரும்பி வரும்போது வறுத்த வேர்க்கடலை குடுத்து விடுங்க. அப்புறம், நீங்க நடவு முடிச்சு வரப்புல ஏறினதும், கழுவறதுக்கு முன்னாடி சேத்தோட உங்க காலை ஒரு போட்டோ எடுக்க அவன்கிட்ட சொல்லுங்க.

குமரேசன்