பேர் வாயில் நுழையாத கட்டி

ஆவணி 9, திங்கள்

காலையிலிருந்து மேகம். மழை இல்லை. துணி துவைத்தாயிற்று.

வலது தொடை இடுக்கில் இருக்கிற கட்டி அப்படியே. நெல்லிக்காய் அளவு. வலி கிடையாது. ஆடியில் குளிக்கும்போது கையில் பட்டது. நாத்தனார் பொன்னுத்தாயிடம் மட்டும் சொன்னேன். அங்கே நெறி கட்டினால் காலில் முள் கிடக்கிறது என்று அர்த்தம், இந்தக் கரிசல்காட்டில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. அன்றிலிருந்து முள் தேடுகிறாள். இன்றும் ஊக்கை எடுத்துக் குதிகாலைத் தோண்டி எருக்கம்பால் வைத்தாள்.

"உள்ளதான் கெடக்கு மதினி. கருவ முள்ளு, லேசுல வராது."

ரத்தம்தான் வந்தது.

ஆவணி 11, புதன்

கால் வீக்கம், சீழ். கட்டியைச் சுற்றிப் புதிதாகச் சின்னச் சின்னதாக மூன்று நான்கு. தொட்டால் வலி.

கனகா அப்பாவுக்கும் இப்படித்தான். கழுத்தில் ஒன்று, பிறகு சுற்றிலும். பங்குனியில் கொண்டுபோய்விட்டது. இன்னும் வருஷம் திரும்பவில்லை. எனக்கும் பரவிவிட்டது. என்னைப் பற்றி ஒன்றுமில்லை. கனகாதான். அப்பனும் இல்லாமல் ஆத்தாளும் இல்லாமல்.

மறைக்கத்தான் பார்த்தேன். தீப்பெட்டி ஆபீசிலிருந்து வந்ததும் கேட்டுவிட்டாள், ஏம்மா நொண்டுத என்று. காட்டினேன். நாளைக்கு லீவு சொல்லிவிட்டாள்.

ஆவணி 12, வியாழன்

கோவில்பட்டி ஆஸ்பத்திரி. கூட்டம். டாக்டரம்மா சின்ன வயசு. கட்டியை விட்டுவிட்டுக் காலை முதலில் பார்த்தார். யார் தோண்டியது என்றார். சொன்னேன். சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"முள்ளே இல்லம்மா. இந்தச் சின்னக் கட்டியெல்லாம் நீங்க தோண்டின புண்ணால வந்தது."

அப்போ பரவவில்லையா என்று கேட்டேன். சின்னது பரவினது இல்லை, பெரியதை எடுத்துச் சோதித்தால்தான் சொல்ல முடியும் என்றார். முதலில் புண் ஆறணும். மாத்திரை, ஊசி. இனி ஊக்குப் பக்கமே போகக் கூடாது.

பொன்னுவிடம் கனகா சொன்னாள். அவள் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். சாயந்தரம் வரை ஆளைக் காணோம்.

ஆவணி 20, வெள்ளி

புண் காய்ந்தது. சின்னது எல்லாம் அமுங்கிவிட்டது. பாதி மூச்சு வந்தது. பெரியது மட்டும் கல் மாதிரி.

ஆவணி 24, செவ்வாய்

நேற்று எடுத்தாயிற்று. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழ் மரத்துப்போனது. டப்பாவில் வைத்துக் கனகாவுக்குக் காட்டினார்களாம். வெள்ளையாக, நடுவில் ரத்தத் திட்டு. எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. பக்கத்துக் கட்டில்காரிக்கு எப்போதும்வென்றான் ஊராம். விடிய விடிய மருமகளைத் திட்டினாள். நல்லதுக்குத்தான், என் நினைப்பு வேறெங்கும் போகவில்லை.

புரட்டாசி 3, வெள்ளி

வெயில் சுள்ளென்று. தையல் பிரித்தார்கள். முடிவு வரவில்லை. கட்டியைச் சோதித்தவருக்குச் சந்தேகமாம், மதுரைக்கு அனுப்பி வேறு சாயம் ஏற்றிப் பார்க்கணுமாம்.

பக்கத்துக் காட்டில் எல்லாம் விதை விழுந்தாயிற்று. நம்ம ரெண்டு ஏக்கர் சும்மா கிடக்கிறது. என்ன போடுவோம் என்று கனகா கேட்டாள். பார்க்கலாம் என்று துணி மடிக்கப் போய்விட்டேன். விதைத்தால் எடுக்க ஆள் இருக்கணுமே.

புரட்டாசி 13, திங்கள்

புற்று இல்லை.

டாக்டரம்மா எங்கள் ரெண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். நெறிக்குள்ளேயே தசை மாதிரி வளர்ந்த கட்டி. ரொம்ப அபூர்வம், அவரே புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறார். பரவாது. உயிருக்கு ஒன்றும் செய்யாது. எப்போதாவது யாருக்காவது அதே இடத்தில் திரும்ப வரும், வந்தால் எடுத்துக்கொள்ளலாம், இடையிடையே வந்து காட்டணும்.

பேர் இங்கிலீஷில் ஒரு முழ நீளம். கனகா ரெண்டு தடவை வாசித்தாள், எனக்கு வாயில் நுழையவில்லை. நுழையவும் வேண்டாம். கனகா அப்பாவுக்கு வந்ததன் பேர் ஊருக்கே தெரிந்திருந்தது.

பஸ்ஸில் ரெண்டு பேருக்கும் சிரிப்பு. எதுக்கென்று தெரியாது. கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பொன்னு எங்கள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் கும்பிட்டாள். அப்புறம்,

"எங்கண்ணனுக்கும் இந்தப் பேர் தெரியாததே வந்திருக்கக் கூடாதா மதினி?"

ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே நான் நினைத்தது அது. சொல்லப் பயந்தது. ரெண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பிடித்துக்கொண்டு அழுதோம். பிறகு அவளே கருப்பட்டிக் காப்பி போட்டாள். இனிப்பு தூக்கல்.

புரட்டாசி 15, புதன்

நல்ல மழை. ஓடையில் தண்ணீர். மண் காலோடு அப்பிக்கொண்டு வருகிறது. செருப்புப் போட்டுத்தான் போனேன்.

கொஞ்சம் காய்ந்ததும் டிராக்டர் வரும். குனிந்து வேலை செய்ய எனக்கு இப்போதைக்கு ஆகாது. பொன்னுவும் கனகாவும் பார்த்துக்கொள்வார்களாம். என்ன விதை வாங்க என்று பொன்னு வந்து நின்றாள். பருத்தி என்றேன்.

"உளுந்துன்னா தையில கைக்கு வந்துரும் மதினி. பருத்தி சித்திரை வரைக்கும் இழுக்குமே."

இழுக்கட்டும் என்றேன்.