கோல்கீப்பருக்கு அஞ்சு மார்க்

அன்பு மகளுக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பதாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பத்து வயதில் கால்பந்து மைதானத்திலிருந்து திரும்பும்போது ஒரு நாள் கேட்டாயே, "இவ்ளோ திட்டுறீங்க, அப்புறம் எதுக்குப்பா வாராவாரம் வர்றீங்க?" என்று. அன்றைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துத் தப்பித்துக்கொண்டேன். போன ஞாயிறு அதே கேள்வி வேறு விதமாக வந்தது.

நம் அணி நாலு கோல் வாங்கியது. ஒன்று கோல்கீப்பரின் கால்களுக்கு நடுவே சாவகாசமாக உருண்டு போனது. பக்கத்து இருக்கை சலூன்காரர், சின்ன வயதில் உனக்குக் கிண்ணம் கவிழ்த்த மாதிரி முடி வெட்டிவிட்டவர், கத்திக் கத்தித் தொண்டையைப் புண்ணாக்கிக்கொண்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தது. ஆட்டம் முடிந்ததும் டீக்கடையில் பதினொரு பேருக்கும் நான் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவதும் அவர் சண்டை பிடிப்பதும் வழக்கம்தானே. "எல்லாருக்கும் அஞ்சு போட்டுக்குங்க" என்றேன். கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "கோல்கீப்பருக்குமா? வாத்தியாரே, திட்டக்கூட மனசு வரலைன்னா எதுக்கு வர்றீங்க, வீட்லயே படுத்துத் தூங்கலாமே" என்றார்.

எங்கள் பள்ளியில் எல்லா விடைக்கும் சரி போட்டு அனுப்பும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். பிள்ளைகளுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும், அவருக்கு ஒரு பிள்ளையின் பெயரும் தெரியாது. அன்று நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன் மகளே, அடுத்த வாரமும் வரப்போகிறவன்தான் இந்த வாரம் திட்டுவான். எழுந்து போகிறவனுக்குக் குறை சொல்ல என்ன இருக்கப்போகிறது.

அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாய். டிவியில் ஆட்டம் பார்த்தேன் என்றாய். வேண்டுமென்றே, நம்ம கோல்கீப்பர் பிரமாதம் என்று சொல்லிப் பார்த்தேன். "ஆமாப்பா, நல்லா ஆடினார்" என்றாய். முன்பெல்லாம் "முதல்ல கண்ணாடியை மாத்துங்க" என்று பாய்வாயே. ஒரு வருஷமாக எதற்கும் "சரிப்பா"தான். நான் மாத்திரையை மறந்தேன் என்றாலும் சரிப்பா, அம்மா இந்த முழங்காலோடு மாடி ஏறினாள் என்றாலும் சரிப்பா. கோபமா என்று கேட்டால் அதெல்லாம் இல்லை என்கிறாய். கோபமாக இருந்திருக்கலாம். போனை வைத்த பிறகு எனக்கும் வலிக்கவில்லை, அதுதான் கவலையாக இருக்கிறது. சலூன்காரர் கேட்டதை உனக்கும் எழுதியது அதனால்தான்.

காலையில் வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. அம்மாவுக்கு முழங்கால் உறை அனுப்புகிறேன் என்றாய், மறந்துவிடாதே. நீங்கள் இருவரும் நோய் நொடியின்றி நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும்.

வருகிற ஞாயிறு ஆட்டத்தை முழுவதும் பார். பார்த்துவிட்டு எனக்குப் போன் பண்ணி, நான் போட்ட மார்க் தப்பு என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா